இதயச் செயலிழப்புக்கான சிஆர்டி சிகிச்சை யாருக்குப் பலன் தரும்? விடை பெரும்பாலும் இசிஜியிலேயே உள்ளது

மும்பை: இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மாத்திரைகள் மட்டும் போதாத நிலையில், இதயத்தின் இரு கீழறைகளையும் ஒரே நேரத்தில் சுருங்கச் செய்யும் சிறப்பு பேஸ்மேக்கரை மருத்துவர்கள் பரிந்துரைப்பது உண்டு. இதய மறுஒத்திசைவு சிகிச்சை, சுருக்கமாக சிஆர்டி எனப்படும் இம்முறை உலகெங்கும் பலரின் ஆயுளை நீட்டித்துள்ளது. ஆயினும், கருவி பொருத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைப்பதில்லை.

இதற்கான செலவு தனியார் மருத்துவமனைகளில் பல லட்சம் ரூபாயாகிறது. தாராவியின் சிறு பட்டறைகளில் உழைக்கும் குடும்பத்துக்கு, நகையை அடகு வைத்தோ ஊரிலுள்ள நிலத்தை விற்றோ திரட்ட வேண்டிய தொகை இது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியோருக்கும் இது எளிதன்று. எனவே, 'இக்கருவி இந்த நோயாளிக்குப் பலன் தருமா?' என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை காண்பது மருத்துவத் தேவை மட்டுமல்ல, குடும்பத்தின் பொருளாதாரத் தேவையும் ஆகும்.

ஒத்திசைவு தவறுவது ஏன்?

இதயத்தைச் சுருங்கச் செய்யும் மின்தூண்டல், வலது, இடது கிளைகள் வழியாக இரு கீழறைகளையும் ஏறக்குறைய ஒரே கணத்தில் அடைய வேண்டும். இடது கிளையில் அடைப்பு ஏற்பட்டால், இடது கீழறையின் ஒரு சுவர் முந்தியும் மறு சுவர் பிந்தியும் சுருங்கும். ஏற்கெனவே வலுவிழந்த இதயம், இதனால் ரத்தத்தை வெளியேற்ற மேலும் திணறுகிறது. இந்தத் தாமதத்தைச் சரிசெய்வதே சிஆர்டியின் பணி. தாமதமே இல்லாத இதயத்தில் அது சரிசெய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஐரோப்பாவில் 813 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005ஆம் ஆண்டு வெளியான 'கேர்-எச்எஃப்' ஆய்வில், மருந்துடன் சிஆர்டியும் பெற்றவர்களின் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைந்தது. அதன் பின்னர், யாருக்குப் பலன் கிடைக்கும் என்பதைக் கணிக்கும் முயற்சிகள் தீவிரமடைந்தன.

ஸ்கேனை விஞ்சிய இசிஜி

எக்கோ ஸ்கேன் மூலம் ஒத்திசைவின்மையை அளந்து கணிக்கலாம் என முதலில் நம்பப்பட்டது. 498 நோயாளிகளிடம் 12 எக்கோ அளவீடுகளைச் சோதித்த 'ப்ராஸ்பெக்ட்' ஆய்வு, அவற்றில் எதையும் தனித்து நம்ப முடியாது என 2008இல் முடிவுக்கு வந்தது. 2013இல் வெளியான 'எக்கோ-சிஆர்டி' ஆய்வின் முடிவு அதிர்ச்சியளித்தது. எக்கோவில் ஒத்திசைவின்மை தெரிந்தாலும், இசிஜியில் கியூஆர்எஸ் அலை 130 மில்லி விநாடிக்கும் குறைவாக இருந்தவர்களிடம் சிஆர்டியை இயக்கியபோது, 11.1 சதவீதம் பேர் இறந்தனர். இயக்கப்படாதவர்களிடம் இது 6.4 சதவீதமாக இருந்தது.

இவ்வாறு, சில நூறு ரூபாய்க்குள் எடுக்கக்கூடிய இசிஜியே முதன்மைக் கணிப்புக் கருவியாக நிலைபெற்றுள்ளது. இடது கிளை அடைப்பும், 150 மில்லி விநாடி அல்லது அதற்கு மேற்பட்ட கியூஆர்எஸ் அகலமும் இருந்தால் பலனுக்கான வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அகலத்திலும் நற்பலன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆண்களுக்கான அளவுகோலையே பெண்களுக்கும் பொருத்தினால், பலன் பெறக்கூடிய பெண்கள் விடுபட்டுப் போகக்கூடும்.

இந்தியாவின் தனிச் சிக்கல்

மாரடைப்பால் இதயத் தசையில் ஏற்படும் தழும்பு சிஆர்டியின் பலனைக் குறைக்கிறது. தழும்பான இடத்தில் மின்கம்பி அமைந்தால் தூண்டல் சரிவரப் பரவுவதில்லை. இந்தியாவில் இது கவலைக்குரிய செய்தியாகும். 1,205 நோயாளிகளைக் கண்காணித்த திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில், 72 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் அடைப்பு சார்ந்த இதய நோயே காரணமாக இருந்தது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ 31 சதவீதம் பேர் உயிரிழந்தனர்.

அதே பதிவேட்டில், இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு மட்டுமே வீடு திரும்பும்போது பரிந்துரைக்கப்பட்ட மருந்துகள் முழுமையாக வழங்கப்பட்டிருந்தன. சிஆர்டிக்கு முன் குறைந்தது 3 மாதங்கள் உரிய மருந்துகளை உட்கொள்ள வேண்டும் என்பதே பொதுவான நெறி. மருந்திலேயே சிலரின் இதயம் தேறிவிடுவதால், கருவி தேவைப்படாமலும் போகலாம்.

மதுரையிலிருந்து ஒரு புதிய பாதை

இடது கீழறைக்கு வெளியே, சிரை வழியாகக் கம்பி வைப்பது வழக்கமான முறை. அதற்கு மாற்றாக, இயற்கையான இடது மின்கிளையையே நேரடியாகத் தூண்டும் முறை அண்மை ஆண்டுகளில் வளர்ந்துள்ளது. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சண்முகசுந்தரம் பொன்னுசாமி இத்துறையில் தொடர்ந்து ஆய்வுகளை வெளியிட்டு வருகிறார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன் தலைமையில் 1,778 நோயாளிகளின் தரவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியானது. இறப்பு அல்லது இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது, புதிய முறையில் 20.8 சதவீதமாகவும் வழக்கமான முறையில் 28 சதவீதமாகவும் இருந்தது. எனினும், இது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல என்பதால் இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

பணம் திரட்டும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்பது நலம். இசிஜியில் இடது கிளை அடைப்பு உள்ளதா, கியூஆர்எஸ் அகலம் எவ்வளவு? மாரடைப்புத் தழும்பு எங்கே, எந்த அளவில் உள்ளது? மருந்துகள் முழு அளவில், போதிய காலம் கொடுக்கப்பட்டுள்ளனவா? இந்த நோயாளியைப் பொறுத்தவரை எத்தகைய முன்னேற்றம் 'பலன்' எனக் கருதப்படும்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. படியேறும்போது மூச்சு வாங்காதிருப்பது, மருத்துவமனைச் சேர்க்கை குறைவது, எக்கோவில் இதயம் சுருங்குவது என ஒவ்வோர் ஆய்வும் 'பலன்' என்பதற்கு வெவ்வேறு பொருள் தருகிறது. வேகமாக மோசமடைந்து வந்த நோய் அப்படியே நின்றுவிட்டால், சிலருக்கு அதுவே வெற்றி.

தாராவியை ஒட்டிய சயான் மாநகராட்சி மருத்துவமனை, பரேல் கே.இ.எம். மருத்துவமனை ஆகியவற்றில் இதய நோய்ப் பிரிவுகள் இயங்குகின்றன. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய திட்டம், 70 வயதைக் கடந்தோருக்கான ஆயுஷ்மான் பாரத் ஆகியவற்றில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உள்ளது. பரிந்துரைக்கப்படும் கருவி அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் திட்ட உதவி மையத்தில் முன்கூட்டியே உறுதிசெய்து கொள்ள வேண்டும்.

பலன் உறுதி என எந்த மருத்துவரும் வாக்களிக்க முடியாது. ஆனால், வாய்ப்பு அதிகமா குறைவா என்பதைச் சொல்லும் தகவல்களில் பெரும்பகுதி நோயாளியின் கோப்பிலுள்ள இசிஜி தாளிலேயே இருக்கிறது. கடன் வாங்கும் முன் அதை விளக்கமாகக் கேட்டறிவது நோயாளியின் உரிமை.