நாய்க்கு வைக்கும் மிச்சச் சோறு

ஊரில் நம் வீட்டு நாய்களுக்கென்று தனியுணவு இருந்ததில்லை. மத்தியானம் மிஞ்சிய சோறும் குழம்பும், கிடைத்தால் மீன்தலையும், அவ்வளவே. 1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோதும் அப்படியொரு சட்டியைத்தான் நாம் படலையடியில் வைத்துவிட்டு வந்தோம்.

அப்பழக்கம் ஒக்லாந்துக்கும் நம்முடன் வந்துவிட்டது. பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக நாய் வளர்க்கும் அன்பர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. நம் கறிச்சட்டியில் உறைப்பைவிடக் கொடியது வெங்காயம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். வதக்கினாலும் தூளாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது. விளைவு உடனே தெரிவதுமில்லை. சில நாள் கழித்தே நாய் சோர்ந்து, முரசு வெளிறி, சிறுநீர் கறுத்துச் சிவக்கும்.

பொங்கலிலும் பாயசத்திலும் இடும் முந்திரிகை வற்றல், கடையில் நாம் பிளம்ஸ் என்று வாங்குவது, நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும். இத்தனை தின்றால் ஆபத்தில்லை என்ற கணக்கும் அதற்கில்லை. சொக்கிளேற்றும் சைலிற்றோல் சேர்ந்த சுவிங்கமும் நாய்க்கு நஞ்சே. அவித்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். தைப்பொங்கற் காலத்தில் இங்கு கராக்கா மரத்தின் செம்மஞ்சட் கனிகளும் பூங்காக்களில் உதிரத் தொடங்கும். அவற்றின் விதை நாய்க்கு நஞ்சு.

பிள்ளை தன் கையால் ஏதேனும் ஊட்ட விரும்பினால் வெறுஞ்சோறோ, உப்பிடாது அவித்த எலும்பில்லாக் கோழியிறைச்சியோ, ஒரு துண்டு கரட்டோ கொடுக்கட்டும். தகாததைத் தின்றுவிட்டால், நோய் தெரியும்வரை காத்திராது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். கொடுத்தது நாமே என்று வெட்கி மறைக்கவேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால், தின்ற பொருளின் உறையையே கையிற் கொண்டுபோய்க் காட்டுங்கள்.