மின்சார மோட்டார் பந்தயமும் நமது தேசமும்

2023-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி ஹைதராபாத்தில், ஹுசேன் சாகர் ஏரிக்கரையில், ‘பார்முலா ஈ’ என்னும் மின்சார மோட்டார் வண்டிகளின் உலகப் பந்தயம் இந்தியாவில் முதல் தடவையாக நடந்தேறியது. பிரெஞ்சுக்காரரான ழான் எரிக் வெர்ன் ஜயம் பெற்றார். மறு வருஷமும் அங்கே நடப்பதற்கிருந்த பந்தயம், ராஜ்யத்தில் மந்திரி சபை மாறிய பின்னர், 2024 ஜனவரியில் ரத்தாயிற்று. ஒப்பந்தம் மீறப்பட்டதென்று பந்தய நிர்வாகிகள் கூறினார்கள். முந்திய சர்க்கார் காலத்தில் முறையான அனுமதியின்றிப் பணம் கொடுக்கப்பட்டதென்று, 2024 டிசம்பரில் லஞ்ச ஒழிப்பு இலாகாவார் வழக்குப் பதிவு செய்தார்கள். அவ்வழக்கின் நியாயாநியாயங்கள் நியாயஸ்தலத்தில் தீர வேண்டியவை. அதில் நாம் புகவில்லை. பொதுஜனங்களின் பணத்தைச் செலவிடும்படியான பயன் இப்பந்தயத்தில் உண்டா என்பதே நமது கேள்வி.

‘இரைச்சலில்லாத பந்தயமும் ஒரு பந்தயமா?’ என்று பரிகசிப்பவர்கள் பலர். பெட்ரோல் யந்திரத்தின் கர்ஜனையில் பழகிய காதுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆயினும் இதன் சுவாரஸ்யம் காதுக்கன்று, கணக்குக்கு உரியது. ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுக்கப்பட்ட மின்சாரத்தைக் கொண்டு பந்தயத்தை முடிக்க வேண்டும். வேகமாய் ஓடி அதைத் தீர்த்தவன் நடுவழியில் நிற்பான். மிச்சம் பிடித்தே ஓடுபவன் பின்தங்குவான். 2021 ஏப்ரல் 24-ந் தேதி ஸ்பெயினில் வலென்சியாவில் இது நன்கு விளங்கிற்று. விபத்துக்களால் வண்டிகள் அடிக்கடி மெதுவாய்ச் செல்ல நேரிட, விதிப்படி மின்சார அளவும் குறைக்கப்பட்டுக்கொண்டே வந்தது. முன்னணியிலிருந்தவர் காலக்கெடு முடியச் சில விநாடிகளிருக்கக் கோட்டைக் கடந்துவிட்டதால், எதிர்பாராத ஒரு சுற்று மிகுந்தது. அதை ஓடச் சக்தியின்றி வண்டிகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்து ஊர்ந்தன. கணக்குத் தப்பாத டச்சுக்காரர் நிக் டி விரீஸ் வென்றார். அன்று சிரித்தவர்கள் அனேகர். நமக்கோ, ஆயிரம் பிரசங்கங்கள் புகட்டாத பாடத்தை அச்சுற்று புகட்டியதாகப்படுகிறது.

2014 செப்டம்பரில் பீஜிங்கில் இப்பந்தயம் தொடங்கியபோது, பாட்டரி முழுப் பந்தயத்துக்கும் போதவில்லை; ஓட்டுபவர் இடையில் இறங்கி இன்னொரு வண்டியில் ஏற வேண்டியிருந்தது. 2018 டிசம்பர் முதல் ஒரே வண்டி முழுப் பந்தயத்துக்கும் தாங்கிற்று. 2023-ல் வந்த மூன்றாந்தலைமுறை வண்டியை ஓட்டும் சக்தி உச்சத்தில் 350 கிலோவாட். வேகத்தைத் தணிக்கையிலோ முன்னும் பின்னுமுள்ள மோட்டார்கள் 600 கிலோவாட் வரை பாட்டரிக்குத் திருப்ப வல்லவை. மணிக்கு 320 கிலோமீட்டர் போகுமென்கிறார்கள். நகரத் தெருக்களின் திருப்பங்களில் அதற்கு இடமேது?

இதில் நமக்குப் பெருமை கொள்ளவும் இடமுண்டு. மஹீந்திரா கம்பெனியார் முதல் வருஷத்திலிருந்தே கலந்து வருகிறார்கள். முதல் வருஷத்தில் அவர்களுக்காக ஓட்டியவர்களில் ஒருவர் சென்னைவாசியான கருண் சந்தோக். 2017-ல் பெர்லினில் அவர்கள் முதல் வெற்றியடைந்தார்கள். பெயர் பெற்ற ஜெர்மன் கம்பெனிகளான ஆடியும் பி.எம்.டபிள்யூ.வும் 2021-லும், மெர்ஸிடிஸ் 2022-லும் விலகியபோதும் இவர்கள் விலகவில்லை. ஆனால் இவர்களுடைய பந்தயப் பட்டறை இருப்பது இங்கிலாந்திலுள்ள பான்பரியில். நம் தெருக்களில் ஓடும் மின்சார வண்டிகளின் லித்தியம் ஸெல்களும் பெரும்பகுதி அன்னிய நாட்டிலிருந்து, முக்கியமாய்ச் சீனாவிலிருந்து, வருகின்றன. கொடி நம்முடையது, கைத்திறன் பிறருடையது என்ற நிலையில் எவ்வளவு காலம் திருப்தியடைவது?

ஓசூர்ப் பக்கத்தில் மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. சென்னையிலும் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றிப் பந்தயம் நடந்தது. அது பெட்ரோல் வண்டிப் பந்தயம். இனி எந்த ராஜ்யத்து மந்திரியாவது மின்சாரப் பந்தயத்தை வரவழைக்க எண்ணினால், பணம் கைமாறுவதற்கு முன்பே ஒப்பந்தத்தைச் சட்டசபை மேஜைமீது வைக்கட்டும். பாட்டரிப் பரிசோதனையில் ஒரு பகுதி இங்கேயே நடக்க வேண்டும், நமது என்ஜினீயரிங் மாணவர்கள் பட்டறைக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கின்றனவா என்று அங்கத்தினர்கள் கேட்கட்டும்.