வாசலில் நிற்கும் மாணவன்

“பிரம்பைக் கீழே வைத்தார்கள், பிள்ளைகள் கெட்டார்கள்!” கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பெற்றோர் கூடுமிடமெல்லாம் ஒலிக்கும் குற்றச்சாட்டு இது. முப்பதாண்டுகள் ஆசிரியப் பணியாற்றியவன், பிரம்பையும் கையாண்டவன் என்ற முறையில் இதனை மறுக்கிறேன்.

பிரம்பு எங்கே போயிற்று? தலைமையாசிரியரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட ஆசிரியரோ ஆண்பிள்ளைகளை மட்டும் இலேசான பிரம்பால் அடிக்கலாம் என்று 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் வரம்பு கட்டின. அறுபதாண்டுகளுக்கு மேலாகப் பிரம்பும் இருக்கிறது, குழப்பமும் இருக்கிறது. அப்படியானால் குறை வேறெங்கோ இருக்கிறது.

என் பிழையையே சான்றாக வைக்கிறேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நாள்தோறும் பக்கத்துப் பையனைச் சீண்டுவான். நானும் நாள்தோறும் அவனை வெளியே நிறுத்துவேன். சலித்துப்போய், அவன் சீண்டும் நேரத்தையும் பாடத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். இரண்டே வாரங்களில் உண்மை வெளிப்பட்டது. வாய்விட்டு வாசிக்கும் முறை தன்னை நெருங்கும்போதுதான் அவன் கை நீண்டது! அவனுக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது. வாசலில் நிற்பது அவனுக்குத் தண்டனையன்று, விடுதலை. அதை வழங்கியவன் நானே.

ஒரு செயலுக்குக் கிடைக்கும் பயனே அதனை வளர்க்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1938இலேயே நூல் எழுதினார். பயிற்சிக் கல்லூரியில் அதைப் படித்துத் தேர்ச்சியும் பெற்றோம், வகுப்பறையில் மறந்தோம்.

பின்னர் அவனுக்கு நாள்தோறும் கால்மணி நேரம் தனியே எழுத்துக் கற்பித்தோம். வாசிக்க வேண்டிய பத்தியை முதல்நாளே கொடுத்தனுப்பினோம். அத்தவணை முடிவதற்குள் சீண்டல் அருகிப் போயிற்று. எல்லாருக்கும் இதுவே மருந்து என்று சொல்லேன். ஒருவன் பசியோடு வருகிறான்; பெற்றோர் இரவு வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளை ஒருவன் யாரேனும் தன்னைப் பார்க்கமாட்டார்களா என்று ஏங்குகிறான். காரணத்தைத் தேடாமல் கையை ஓங்குவது எவ்வகையில் கல்வியாகும்?

“தேர்வுச் சுமையில் இதற்கெல்லாம் நேரமேது?” என்போம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்தச் சாக்கும் அதனோடு போயிற்று.

ஆறாம் ஆண்டுக்குப் பின், மலாய்மொழித் தேர்ச்சி போதாத பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க நேர்கிறது. வாசலில் நின்றே வளர்ந்தவன் அங்கும் தலைகுனிந்தே நுழைவான். ஆசிரிய நண்பர்களே, நாம் “வெளியே போ” என்று விரட்டியவனை “உள்ளே வா, தம்பி” என்று அழைக்கத் தெருமுனையில் குண்டர் கும்பல் காத்திருக்கிறது. அதற்கு முன் அவனை அழைக்க வேண்டியவர்கள் நாமல்லவா?