சைக்கிள் பவனி முடிந்த பிறகு

இளைஞர்களின் உளநலத்துக்காக சைக்கிள் ஓட்டி நிதி திரட்டும் வழக்கம் பல நாடுகளில் பரவி வருகிறது. எமது ஊர்களிலும் இதைச் செய்யலாமே என்று சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நான் ஆதரிக்கிறேன். உளநோய் என்றாலே கதவைச் சாத்திக்கொள்ளும் எமது சமூகத்தில், நூறு பேர் ஒரே நிற டீசேர்ட் அணிந்து பிரதான வீதியால் போனால் நாலு வீட்டிலாவது பேச்சு எழும்.

ஆனால் சேரும் பணம் எதற்கு என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். 2011 இல் தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த 'ட்ரெயில்' நடைபயணம் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டியது. நோக்கம் தெளிவாக இருந்தது, மக்களும் அள்ளிக் கொடுத்தார்கள். உளநலத்துக்கு அப்படிக் காட்ட ஒரு கட்டடம் இல்லை. அதனால் பணம் பதாகையிலும் மேடையிலும் கரைந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

இன்னொரு விடயம். இளைஞர்களுக்கு 'மீண்டெழும் ஆற்றல்' வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லில் ஒரு சங்கடம் உண்டு. சுமை யார் ஏற்றியது என்று கேட்காமல், சுமப்பவனை இன்னும் பலசாலியாகு என்கிறது அது. 2020 இல் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களில் எமது பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தது ஆற்றலா, நீதியா?

எமது நாட்டு அனுபவமே இதற்குச் சான்று. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு சுமார் 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிநாசினிகளுக்குத் தடை வந்த பின்னர், அடுத்த பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் இதற்குக் கூறும் பிரதான காரணம் அந்தத் தடைதான், உபதேசம் அல்ல. 1998 இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் நீக்கப்பட்டது. இருந்தும் எமது வீடுகளில் அது இன்னும் மறைக்கவேண்டிய அவமானமாகவே இருக்கிறது. மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது.

ஆகவே பவனி நடத்துவோரிடம் எனது கோரிக்கை சிறியது. சேரும் பணத்தில் ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரையாவது, தமிழ் பேசுபவராக, பெண்பிள்ளைகளுக்குப் பெண்ணாக, ஒரு வருடத்துக்கு அமர்த்துங்கள். சம்பளக் கணக்கைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் போடுங்கள். டீசேர்ட்டின் முதுகில் அனுசரணையாளரின் பெயரைவிடப் பெரிதாக 1926 என்று அச்சிடுங்கள். அது தேசிய உளநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம்.