சொன்ன வண்ணம் போடும் பையன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருமழிசைப் பக்கம் போய்ப் பாருங்கள். பத்து வயசுப் பொடியன் பந்தோடு ஓடி வருவான். கோட்டுக்கு வெளியே நின்று கோச், "ஷார்ட்டா போடுறா! யார்க்கர்டா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். போடுவான். பந்து பவுண்டரிக்குப் போனால் திட்டு மட்டும் அவனுக்கு.

1999 உலகக் கோப்பை. ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இறங்கிய தென்னாப்பிரிக்க கேப்டன் குரோனியே காதில் ஒரு கருவி. பயிற்சியாளர் உல்மர் வெளியிலிருந்து ஓதினார். கழற்றச் சொல்லிவிட்டார்கள். பெரியவர்களுக்கே கூடாதது நம்ம பிள்ளைகளுக்குப் பயிற்சியா?

குல்தீப்புக்கும் சாஹலுக்கும் தோனி சொன்னதை ஸ்டம்ப் மைக்கில் கேட்டு ரசித்தோமே, அது யாரோ எழுதிக் கொடுத்ததா? பேட்ஸ்மேன் கால் எங்கே நகருது என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் சொன்னது சார்! அது கீப்பருக்குத்தான் தெரியும்.

திருமழிசை ஆழ்வார் கூப்பிட்டதும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு காஞ்சியை விட்டே கிளம்பினாராம், சொன்னவண்ணம் செய்த பெருமாள். அவருக்குக் கட்டுப்படியாகும். இவன் நாளைக்குத் தனியாக யோசிக்க வேண்டாமா?

ஓவர் முடிந்ததும் கீப்பரையும் பௌலரையும் கூப்பிட்டு, "ஏன்டா அந்தப் பந்து?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். அதுக்குள்ள நாலு பவுண்டரி போனால்தான் என்ன, உலகக் கோப்பையா போயிடும்?