விதவையின் மனுவில் இருக்கும் சிப்பாய்

வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதில் போரிட்ட பாட்டன், முப்பாட்டன்களைத் தேடும் குடும்பங்கள் அங்கே இன்றும் ஏராளம். தேடுபவர்கள் பெரும்பாலும் படைப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். தேசியப் பூங்காத் துறையின் இணையப் பட்டியலில் சுமார் 63 லட்சம் பதிவுகள் உள்ளன. பெயர் ஒத்துப்போனதுமே இவர்தான் நம்மவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குடும்ப மரம் தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வீட்டிலிருந்து பின்னோக்கிப் போவதே சரியான வழி. இறப்புப் பதிவு, அடுத்து 1900, 1880, 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். அவர் எந்த ஊரில் வாழ்ந்தார், மனைவி பெயர் என்ன என்பது கையில் இருந்தால்தான் ஒரே பெயருள்ள பத்துப் பேரில் நம் ஆளைப் பிரித்தெடுக்க முடியும்.

அதன் பிறகு இரண்டு ஆவணங்கள். ஒன்று படைப் பதிவு: வயது, உயரம், பிறந்த ஊர், தொழில், அணியில் இருந்தாரா இல்லையா. அவ்வளவுதான். மற்றொன்று பென்ஷன் கோப்பு. மனிதர்கள் வாய்திறந்து பேசுவது இதில்தான்.

கறுப்பினத்தவருக்கு இந்தக் கோப்பு உயிர்நாடி. வடக்கின் படையில் சுமார் 1,79,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அடிமைகள். 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் எஜமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடு எண்ணப்பட்டது 1870-இல்தான். இடையே உள்ள இருட்டைத் தாண்ட பென்ஷன் கோப்பு உதவுகிறது. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை, பதிவும் கிடையாது. ஆகவே பென்ஷன் கேட்ட விதவை சாட்சிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கூட வேலை செய்தவர், பிரசவம் பார்த்தவள், சில வேளை பழைய எஜமானே வந்து வாக்குமூலம் தந்தார். யார் யாருக்குப் பிறந்தார், எந்தப் பண்ணையிலிருந்து விற்கப்பட்டார் என்பதெல்லாம் அப்படித்தான் எழுத்தில் ஏறியது. அந்தப் பெண்களைப் படுத்திய விசாரணைதான் இன்று அவர்கள் வாரிசுகளுக்குச் சொத்தாக நிற்கிறது.

அடிமைகளின் விடுதலைக்குப் போராடிய ஹாரியட் டப்மனின் கணவர் நெல்சன் டேவிஸ் ஓர் உதாரணம். அவர் 8-ஆம் கறுப்பின ரெஜிமென்டில் சேர்ந்தபோது கொடுத்த பெயர் நெல்சன் சார்ல்ஸ். டேவிஸ் என்று மட்டும் தேடினால் படைப் பதிவில் அவர் அகப்படமாட்டார். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று டப்மனே வாக்குமூலம் கொடுத்தார். 1895-இல் அவருக்கு மாதம் 8 டாலர் விதவைப் பென்ஷன் கிடைத்தது. ஆகவே பென்ஷன் கோப்புகளுக்கான அட்டவணை அட்டையில் மாற்றுப்பெயர் என்று குறித்திருந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

தெற்கின் படையினருக்கு மைய அரசு நெடுங்காலம் பென்ஷன் கொடுக்கவில்லை. பின்னாளில் தென்மாநிலங்களே கொடுத்தன. அந்தக் கோப்புகளுக்கு மாநில ஆவணக் காப்பகங்களைத்தான் அணுக வேண்டும். படையில் சேர்ந்த மாநிலத்தில் அல்ல, விண்ணப்பித்த மாநிலத்தில் தேடுங்கள். போருக்குப் பின் குடிபெயர்ந்தவர்கள் அநேகம்.

வடக்கின் கோப்புகளில் பெரும்பாலானவை வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பொறுக்கிய சில தாள்களின் நகல் மட்டும் குறைந்த செலவில் கிடைக்கும். அதோடு நின்றுவிடாதீர்கள். முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். சாட்சிகளின் வாக்குமூலங்கள் அதில்தான் முழுமையாக இருக்கும்.