அடுப்படியில் ஒரு காவல்காரன்

“அண்ணே, அடுப்பு முன்ன மாதிரி இல்ல. நாப்பை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நின்னாத்தான் எரியுது. கைய எடுத்தா அணைஞ்சிடுது. பக்கத்துல இருக்கிற அந்தக் கம்பியோட வேலைய நிப்பாட்டிட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரு. செஞ்சிடலாமா?”

அடுப்பு பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ‘வேண்டவே வேண்டாம்’ என்பதுதான் என் பதில். ஏன் என்று புரிய, குமிழைத் திருப்பியதும் அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தீப்பொறி. திருப்பும்போது ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தால், உங்கள் அடுப்பில் இருப்பது பீசோ முறை. உள்ளே ஒரு சிறிய சுத்தியல், ஒரு துண்டுப் படிகத்தின் மீது ஓங்கி அடிக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். இதற்குப் பேட்டரியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

‘டிக் டிக் டிக்’ என்று தொடர்ந்து சத்தம் வந்தால் அது மின்னணு முறை. மேடையில் பதிக்கும் அடுப்புகளில் பெரும்பாலும் இதுதான். அடிப்பக்கத்துப் பெட்டியில் உள்ள 1.5 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தை ஒரு சிறிய சுற்று பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். பர்னருக்கும் பொறி ஊசிக்கும் நடுவே மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால்தான் இவ்வளவு அழுத்தம். ஆனால் பொறியில் உள்ள ஆற்றல் மிகச் சொற்பம். எரிவாயுவைப் பற்றவைக்க அது போதும்.

இப்போது பர்னரின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். பாதுகாப்பு வசதி உள்ள அடுப்பென்றால் இரண்டு குச்சிகள் தெரியும். வெள்ளைப் பீங்கான் உறை போட்டது பொறி ஊசி. வெறும் உலோகமாக, சுடர் படும் இடத்தில் நிற்பது தெர்மோகப்பிள். நம் காவல்காரன் இவன்தான்.

இரண்டு வெவ்வேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் உண்டாகும். 1821-இல் ஜெர்மானிய அறிவியலாளர் தாமஸ் சீபெக் கண்ட உண்மை இது. சுடரில் நிற்கும் தெர்மோகப்பிள் தருவது 20, 30 மில்லிவோல்ட்தான். 1.5 வோல்ட் பேட்டரியில் அது ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. ஆனாலும் குமிழுக்குப் பின்னால் உள்ள சிறிய மின்காந்தத்துக்கு அது போதும். எரிவாயு வால்வை நீங்கள் கையால் அழுத்தித் திறக்கிறீர்கள். குச்சி சூடானதும் காந்தம் அந்த வால்வைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் கையை எடுக்கலாம். சில விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பருப்பு பொங்கி வழிகிறது, அல்லது ஜன்னல் காற்று அடிக்கிறது. சுடர் அணைந்துவிடுகிறது என்று வையுங்கள். குச்சி ஆறும், காந்தம் பிடியை விடும், வால்வு மூடிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் கூடத்தில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, மேல்மாடியில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி.

அந்த வேலையை நிறுத்திவிட்டால்? சுடர் இல்லாமலே எரிவாயு வந்துகொண்டிருக்கும். நம் தோம்புகளில் இருப்பது புரோபேன், பியூட்டேன் கலவை. அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து, அலமாரிக்கு அடியிலும் கழிவுநீர்த் துளையிலும் தேங்கும். பிறகு யாரோ ஒருவர் விளக்கைப் போட்டால் போதும். தனியாகச் சமைக்கும் வயதான அம்மாவோ பாட்டியோ உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை. வயதாக ஆக மோப்ப சக்தி குறைவது இயல்பு. கசிவு தெரிவதற்காகவே எரிவாயுவில் கலக்கப்படும் வாடை அவர்களுக்கு எட்டாமலே போகலாம்.

உணவகங்களில் அலங்காரத்துக்கு எரியும் எரிவாயு நெருப்புகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. மின்னணு வகையில் இன்னும் ஒரு படி உண்டு. சுடர் இலேசாக மின்சாரத்தைக் கடத்தும். அந்தச் சிறு மின்னோட்டம் வருகிறதா என்று கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். சில விநாடிகளில் சுடர் தென்படாவிட்டால் எரிவாயுவை மூடிவிடும். எரிவாயு நீர்ச்சூடேற்றிகள் பலவும் இப்படித்தான்.

சரி, அடுப்பு அடம்பிடித்தால் என்ன செய்வது?

பொறி மெலிந்து, சத்தம் மெதுவாகக் கேட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பல வீடுகளில் என் வேலை அதோடு முடிந்திருக்கிறது. கழுவிய பிறகு பற்றவில்லை என்றால் ஊசியைச் சுற்றி ஈரம் இருக்கிறது. மின்சாரம் பொறியாகப் பாயாமல் ஈரத்தின் வழியே நழுவுகிறது. துடைத்துக் காயவிடுங்கள். கையை எடுத்தால் சுடர் அணைகிறதா? அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, தெர்மோகப்பிளின் நுனியில் படிந்த கரியையும் குழம்புக் கறையையும் மெதுவாகத் துடையுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் தேர்ச்சி பெற்றவரிடம் சொல்லிப் புதிது மாற்றுங்கள். முழு அடுப்பையும் மாற்றத் தேவையில்லை.

புதுவீட்டுக்கு அடுப்பு வாங்கும் இளையோருக்கு ஒரு வார்த்தை. கண்ணாடியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், ‘சுடர் அணைந்தால் எரிவாயு தானாக நிற்குமா?’ என்று கேளுங்கள். எல்லா அடுப்பிலும் இந்த வசதி இருப்பதில்லை. மலிவான மேசை அடுப்புகள் பலவற்றில் ஒரு குச்சிதான் இருக்கும். சிங்கப்பூரில் குழாய்வழி வரும் நகர எரிவாயுவுக்கான அடுப்பைத் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கி வந்து தோம்பில் மாட்டாதீர்கள். எரிவாயு வேறு, ஊசித்துளையின் அளவும் வேறு.

உங்கள் வீட்டுக் காவல்காரன் விழித்திருக்கிறானா என்று இன்றே பார்த்துவிடலாம். அடுப்பைப் பற்றவைத்து ஓரிரு நிமிடம் எரியவிடுங்கள். குமிழைத் தொடாமல், தோம்பின் ரெகுலேட்டரை மூடுங்கள். குழாயில் மிச்சமிருப்பது எரிந்து சுடர் அணையும். இப்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடுப்புக்குள்ளிருந்து ‘டக்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் வால்வு மூடிக்கொண்டது என்று பொருள். ஒவ்வொரு பர்னரையும் இப்படித் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் குமிழை முழுவதுமாக அணைத்த பிறகே ரெகுலேட்டரைத் திறக்க வேண்டும். சத்தமே வராத பர்னரை, பழுதுபார்க்கும்வரை பயன்படுத்தாதீர்கள்.